பூ வைக்க வந்தவர்களுக்குப் பிரண்டைத் துவையல்

பழைய சமையல் புத்தகத்தைப் படிப்பது, அயல்வீட்டு அடுக்களையை எட்டிப் பார்ப்பது போன்றது. யார் சமைத்தார்கள், யார் கடைசியில் சாப்பிட்டார்கள், எல்லாம் தெரிந்துவிடும். அதைப் பார்த்துச் சமைப்பது வேறு விஷயம். பாகூருக்கு மருமகளாக வந்த புதிதில் எனக்கு இந்த வேறுபாடு தெரியாது.

என் நாத்தனார் செல்விக்குப் பூ வைக்கக் கரியமாணிக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளையின் அக்கா செல்வியின் தலையில் பூ வைத்தால்தான் சம்பந்தம் உறுதி. சமையலை நானே ஏற்றுக்கொண்டேன். என் பழம்புத்தகத்தில் கல்யாண விருந்து முடிகிற இடத்தில் சில பக்கங்களைப் பூச்சி தின்றிருந்தது. அடுத்து வந்த சமையலில் மிளகாயே இல்லை, மிளகுதான். மிளகாய் நம் நாட்டுக்கு வருமுன் தமிழர் உண்ட கல்யாண விருந்து இதுவே என்று (யாரும் கேட்காமலே) முடிவு செய்தேன். மாமியாரைக்கூடப் பாத்திரத்தைத் திறக்க விடவில்லை.

இலையில் பாகற்காயும் அகத்திக்கீரையும் பிரண்டைத் துவையலும் விழுந்தன. மாப்பிள்ளையின் அக்கா கையை இழுத்துக்கொண்டார்.

“இன்னாங்க இது? பூ வைக்க வந்தா கருமாதி சோறு போடுறீங்க?”

பூச்சி தின்ற தலைப்பு என்னவென்று அப்போதுதான் புரிந்தது. புரிந்தும் வாய் ஓயவில்லை. மிளகாய் கப்பலேறி வந்த கதையைத் தொடங்கிவிட்டேன். உள்ளறையில் செல்வி விசும்புவது கேட்டது. மாமியார்தான் மாப்பிள்ளையின் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்:

“எங்க மருமவ நெறய படிச்சவ, அண்ணே. நாங்கதான் அனுசரிச்சிக்கினு போறோம்.”

அவர் மனைவியை இழந்து சில வருடங்களானவர். துவையலைத் தொட்டு நாக்கில் வைத்தார். மறுபடியும் வைத்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

“உங்கம்மா அரைக்கிற மாதிரியே இருக்குதுடி. புள்ளைக்குப் பொண்ணு பாக்குற எடத்துக்கு அவ வராம இருப்பாளா? சாப்ட்டுப் பூவ வை.”

வைத்தார்கள்.

வரலாறு என்னைக் கைவிடவில்லை என்று பின்னர் படித்துத் தேறினேன்: மிளகாய்க்கு முந்தைய ருசி இன்றும் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் இறந்தவர்களுக்குப் படைக்கும் இலையில்தான். இருப்பவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இப்போது செல்வி வீட்டு விசேஷம் எதுவானாலும் அவள் மாமியார் பெயரைச் சொல்லி ஓர் ஓரத்தில் பிரண்டைத் துவையல் உண்டு. நான் புத்தகமும் கையுமாக அடுக்களைப் பக்கம் போனால், செல்வியின் கணவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்:

“இன்னிக்கி யார வரவழைக்கப் போற, அக்கா?”