கரையேறிய லிஃப்ட் மெக்கானிக்

காலை ஆறேகால் மணிக்குப் படகு கட்டிய இடத்திலேயே இருந்தது. துடுப்பைத்தான் காணவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் படகுக்கு அடியில் பார்த்தார். நாணலுக்குள் பார்த்தார். ஓராள் படகில் தேடுவதற்கு இடம் அதிகமில்லை. பார்த்த இடத்தையே மறுபடி பார்த்தார்.

பிழைப்பு முழுக்க மேலும் கீழும் போய் வந்தவர் அவர். ஒரு தடவையாவது நீளவாக்கில் போக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆற்றோடு போய், விடுமுறை நாளன்று மாமியார் ஊர்ப் படித்துறையில் இறங்குவதாக ஏற்பாடு. மனைவி பஸ்ஸில் முன்னால் போய்விட்டாள்.

"அவராவது, வர்றதாவது! முதல் பாலத்தைக்கூடத் தாண்ட மாட்டாரு" என்று மச்சான் சிரித்தானாம்.

"மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்க இருப்பாரு, பாரு" என்று மனைவி சொல்லிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருக்காகப் பரிந்து பேசியது அதுதான் முதல் தடவை. அது கடைசித் தடவையாக ஆகிவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை.

அந்த விடுமுறை நாள் இன்றுதான்.

முந்தின நாள் மாலை மழைக்கு ஒதுங்கப் போய், கரையோரம் இருந்த இந்த வீட்டுக் கதவைத் தட்டியிருந்தார். மருந்துக்கடைக்காரர் வீடு. புருஷனும் மனைவியும் சேர்ந்தே வந்து திறந்தார்கள். புருஷனுக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கு முகம் சிவந்திருந்தது.

"வாங்கண்ணே, வாங்க!" என்றார்கள், ஒரே குரலில்.

முன்பின் தெரியாதவனை ஓடோடி வந்து வரவேற்கிறார்களே என்று மெக்கானிக் உருகிப் போனார்.

இப்போது துடுப்பைத் தேட அந்த இருவரும் வந்தார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரரும் வேலியைத் தாண்டி வந்தார். எல்லாரையும்விட அக்கறையாகத் தேடியவர் அவர்தான்.

"ராத்திரி நல்லா தூங்கினீங்களா?" என்று கேட்டார்.

"தூங்கினேங்க."

"நாங்களும்தான்" என்றார் தையல்காரர். குரலில் அப்படியொரு நிறைவு.

மெக்கானிக் மனைவிக்குப் போன் போட்டார்.

"துடுப்பைக் காணோம்."

"காணோம்னா?"

"காணோம்னா காணோம். பஸ் புடிச்சு வந்துடவா?"

"பஸ்ஸுல வந்து இறங்கினீங்க, அவ்வளவுதான். தம்பி ஊரையே கூட்டிக் கைதட்டுவான். எப்படியாவது தண்ணியில வாங்க."

மருந்துக்கடைக்காரர் சும்மா இருக்கவில்லை. அலமாரிப் பலகை ஒன்றைக் கழற்றி, அறுத்து, இழைத்து, பத்து மணிக்குள் ஒரு துடுப்பு செய்துவிட்டார். அலமாரியில் அந்தத் தட்டில் ஏற்கெனவே ஒன்றும் இல்லை. கீழ்த்தட்டில் மட்டும் கண்ணாடிச் சில்லுகள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"சாப்பிடாம போகக் கூடாதுண்ணே" என்றாள் மருந்துக்கடைக்காரர் மனைவி.

"ஆமா, போகக் கூடாது" என்றார் புருஷன். அவள் சொன்னது எல்லாவற்றையும் அவர் ஆமோதித்தார். அவர் சொன்னதற்கெல்லாம் அவள் சிரித்தாள்.

சாப்பிடும்போது, "அண்ணே, அவரை இன்னும் கொஞ்சம் போட்டுக்கச் சொல்லுங்க" என்றாள் அவள்.

"அவ சாப்பிட்டாளான்னு கேளுங்கண்ணே" என்றார் அவர்.

கேட்டார். எவ்வளவு பாசம் இருந்தால் நேரடியாகச் சொல்லக் கூச்சப்படுவார்கள்!

நன்றிக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று எல்லாப் பாத்திரத்தையும் அவரே துலக்கினார். துலக்கிவிட்டு வந்து பார்த்தால், சுவரில் சாய்த்து வைத்த பலகைத் துடுப்பும் இல்லை.

அன்பு மிஞ்சிப் போய் இவர்களே ஒளித்து வைக்கிறார்கள் என்று அப்போது அவருக்குத் தோன்றியது. எப்படிக் கேட்பது? கேட்டால் மனசு நோகும்.

மணி பன்னிரண்டு. போன் அடித்தது.

"எலை போடற நேரமாச்சு" என்று சொல்லவில்லை மனைவி. "எங்க இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள். பின்னால் மச்சான் சிரிப்பு தெளிவாகக் கேட்டது.

"இன்னொரு துடுப்பும் காணோம்."

"யாரோட இருக்கீங்க? உண்மையச் சொல்லுங்க."

சந்தேகத்தை அடியோடு தீர்க்க நினைத்த மெக்கானிக், போனை வீட்டுக்காரியிடம் கொடுத்தார்.

"அக்கா, உங்களுக்குக் கிடைச்ச மாதிரி புருஷன் யாருக்குக் கிடைக்கும்!" என்றாள் அவள். "அத்தனை பாத்திரத்தையும் அவரே தேய்ச்சுக் கவுத்து வச்சுட்டாரு!"

போன் திரும்பி வந்தது. காதில் வைக்கவே பயமாக இருந்தது.

"பாத்திரம் தேய்ச்சீங்களா?"

"அது வந்து..."

"நம்ம வீட்டு சிங்க் எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

அவர் யோசித்தார். யோசித்த நேரம் அதிகமாகிவிட்டது. பேச்சை மாற்ற வேறு வழியில்லாமல், "இங்க வந்து ஒரு தடவை பாரு. புருஷன் பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும். ஒரு சத்தம் கிடையாது. வாயத் திறந்தா சிரிப்புதான்" என்றார்.

"வர்றேன்" என்றாள் மனைவி. "காலைல முதல் பஸ்ஸுல."

அன்று சாயங்காலம் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் நுழைந்தார். மருந்துக்கடைக்காரர் கையில் ஒரு மூடியைக் கேடயம் மாதிரி பிடித்திருந்தார். அவள் கையில் கரண்டி உயர்ந்திருந்தது. இருவரும் அவரைப் பார்த்ததும் சிரித்தார்கள்.

"ஒத்தாசை பண்றாருண்ணே" என்றாள் அவள்.

மெக்கானிக்குக்குக் கண் கலங்கியது. இந்த வயதிலும் விளையாட்டு.

மறுநாள் காலை மனைவி வந்து இறங்கினாள். அவள் நடந்து வந்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது. வாசலில் நின்ற அந்த இருவரையும் பார்த்ததும் முகம் சட்டென்று மலர்ந்தது.

"இவரை நல்லா பாத்துக்கிட்டீங்க. ரொம்ப சந்தோஷம்" என்றாள். மெக்கானிக்கின் பையை வாங்கிக்கொண்டாள். தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். தட்டியது கொஞ்சம் பலமாகவே பட்டது.

"வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்றாள், சிரிப்பு கலையாமல், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"இருந்துட்டுப் போங்கண்ணே" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அக்கா, நீங்களும் இருங்க" என்றாள் அவர் மனைவி. அவள் குரலில் கெஞ்சல் இருந்தது.

"எங்களுக்கும் ஆசைதான்" என்றாள் மெக்கானிக்கின் மனைவி. "வேலை கிடக்குது."

படகைப் பிறகு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு இருவரும் கேட்டைத் தாண்டினார்கள். வாசல் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. உள்ளே ஏதோ ஒன்று உடைந்தது.

வேலியோரம் தையல்காரர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பழைய துடுப்பு, மறு கையில் பலகைத் துடுப்பு. அவருக்குப் பின்னால், தெருவில் இருந்த ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் எடுத்து வச்சேன், கோவிச்சுக்காதீங்க" என்றார் தையல்காரர். "நீங்க வந்த ரெண்டு ராத்திரிதான் இந்தத் தெருவே கண்ண மூடித் தூங்கிச்சு. இப்ப ரெண்டு பேரா வேற ஆயிட்டீங்க. இன்னும் ஒரு வாரம் இருந்துட்டுப் போகக் கூடாதா?"