கதிர்மேல் தொங்கும் காதுகுத்துப் படங்கள்

நீடாமங்கலம்
3.1.2007

அன்புள்ள தம்பி சதீஷுக்கு, அக்கா வானதி எழுதுவது. நாங்கள் சௌகரியம். மஸ்கட்டில் உனக்கும் அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், அதனால் கடிதம்.

குழந்தையின் காதுகுத்துக்கு வந்த லீவில் ஆயிரத்து நூற்று நாற்பது படம் எடுத்து, எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கேமரா கார்டை அழித்துவிட்டுப் போனாய். இனி நீ வர இரண்டு வருஷம். மகளோடு இருந்த நாற்பது நாளும் இந்தப் பெட்டிக்குள்தான் என்பது எனக்குத் தெரியும். அதற்காக நாலு பக்கத் திட்டமா? மூன்று நகல் வேண்டும், எல்லாம் ஒரே வகையாக இருக்கக் கூடாது, ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும்! டிகிரி சர்டிபிகேட்டை பஸ்ஸில் விட்டு வந்தவன் எழுதியது என்று நம்பவே கஷ்டமாக இருந்தது.

ஆனாலும் செய்தேன். ஆறு சிடியில் பதிந்து, தேதி எழுதி, மஞ்சப்பையில் போட்டு, கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் வேண்டாமென்றாயே என்று நெல் பத்தாயத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். அங்கே ஏற்கெனவே ஒரு மஞ்சப்பை, உன் அத்தானின் பழைய பாட்டு சிடிகளோடு. சம்பா பால் பிடித்திருக்கிறது, குருவி கூட்டமாக இறங்குகிறது. நம் வயலைப் பார்க்கிற மருதையன் பளபளவென்று கட்ட ஏதாவது கேட்டிருக்கிறார். உன் அத்தான் இருந்த இடத்திலிருந்தே, "பத்தாயத்துகிட்ட மஞ்சப்பை தொங்குது பாருங்க, எடுத்துக்குங்க" என்றிருக்கிறார். கேட்டால், "ரெண்டு பையும் மஞ்சள்தானே வானதி?" என்கிறார். நான் வயலுக்குப் போனபோது உன் மகளின் காதுகுத்து கயிற்றில் சுழன்றுகொண்டிருந்தது. "ஒரு குருவி அண்டலீங்க டீச்சரம்மா! அந்த மூணாவது சிடி இருக்கு பாருங்க, அதான் ரொம்ப மின்னுது" என்றார் மருதையன். அறுப்பு முடிந்து தருகிறாராம். இருக்கட்டும் என்று வந்துவிட்டேன். கம்ப்யூட்டர்தான் இருக்கிறதே!

மூன்றாவது நகலைக் குத்தாலத்தில் உன் பெண்டாட்டி அமிர்தத்திடம் கொடுக்கச் சொன்னாய். அவளோ, "அண்ணி, நான் கண்ணை மூடிக்கிட்டு இருக்கிற படத்தையெல்லாம் எடுத்துட்டுக் குடுங்க, எங்க தெருவே பாக்கும்" என்கிறாள். தம்பி, உன் பெண்டாட்டி இதுவரை இருநூற்றுப் பத்துப் படத்தில் கண்ணை மூடியிருக்கிறாள். பொறுக்கும் வேலை இன்னும் முடியலை. ஒரு பெட்டியில் பத்திரமா இருக்கிறதை எதுக்குடா மூணு இடத்தில் வைக்கணும்? தாவரவியலில் எம்.எஸ்ஸி. படிச்சவ சொல்றேன், கேளு. கவலையை விட்டுட்டு நேரத்துக்குச் சாப்பிடு.

குத்தாலத்தில் இருக்கும் குழந்தைக்கும் அமிர்தத்துக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு. உனக்கும்தான், திட்டம் போடாமல் இருந்தால்.

இப்படிக்கு,
அக்கா வானதி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் வரவில்லை. ரிப்பேர்காரர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஹார்ட் டிஸ்க் டிக்டிக்குனு அடிக்குதுங்க மேடம், அவ்வளவுதான்" என்றார். செருப்புகூடப் போடாமல் வயலுக்கு ஓடினேன். உன் அத்தானின் பாட்டுகளைக் கட்டிவிட்டு, உன் சிடிகளை அவிழ்த்தோம். ஐந்துதான் இருந்தன. கடைத்தெரு பிரவுசிங் சென்டரில் ஐந்தும் திறந்தன. அங்கேயே மூன்று நகல் போட்டேன்: ஒன்று இங்கே, ஒன்று கண் மூடியபடியே குத்தாலத்துக்கு, ஒன்று இதோடு உனக்கு. ஆறாவது காற்றில் அறுந்து வாய்க்காலோடு போய்விட்டது. நானும் மருதையனும் முழங்கால் சேற்றில் இரண்டு நாள் தேடினோம். நீ ஊருக்குக் கிளம்பிய அன்று அமிர்தம் கேமராவை வாங்கி எடுத்த ஏழு படம் அதில்தான். மற்ற எதிலும் நீ இல்லை, நீதானே எடுத்தாய். உன் திட்டம் சரி, நான்தான் தப்பு. அடுத்த லீவை முன்னாடியே கேளு. வந்ததும் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொள்.