தங்க வெண்டை

பாப்பாரப்பட்டி,
விய வருஷம் ஆனி மாதம் 12

பென்னாகரம் மாமா சென்னப்பன் அவர்களுக்கு மாப்பிள்ளை சென்றாயன் வணங்கி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், தங்கள் மகள் குள்ளம்மாள், ஆடு மாடு யாவரும் சுகம். வெண்டைச் செடிகள் மட்டும் சுகமில்லை. அத்தையின் மூட்டுவலி தணிந்ததா என்று தெரிவிக்கவும்.

தங்கள் மகன் வழிப் பேத்தியின் காதுகுத்து விருந்துக்கு ஆறு கூடை வெண்டைக்காய் அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். அந்த வாக்கைக் கெடுத்தவன் பக்கத்துத் தோட்டத்து நஞ்சப்பன். இருவரும் ஒரே நாளில் ஒரே சந்தை விதையைத்தான் போட்டோம். ஒரு மாதத்தில் என் செடிகள் சிலவற்றில் இலை நரம்பெல்லாம் பொன் கம்பி இழைத்தது போல மஞ்சளாக ஓடியது. அவன் தோட்டத்தில் வெறும் பச்சை. எனக்கு எவ்வளவு நிம்மதி! சந்தையில் நாலு பேர் கேட்க, "நம்முளுது தங்க வெண்டைங்க, வெதை யாருக்கும் தர்றதில்ல" என்று சொல்லிவைத்தேன். நஞ்சப்பன் வேலியோரம் வந்து, "அண்ணா, எனக்கும் பத்துச் செடி அப்பிடி வந்துச்சுங்க, புடுங்கி எரிச்சுட்டேன். நீங்களும் புடுங்கிருங்க" என்றான். வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்று நினைத்து, அன்றே இன்னொரு தண்ணீர் பாய்ச்சினேன். பத்தே நாளில் தோட்டம் முழுக்க மஞ்சள். காயோ வெளிறி, சுண்டுவிரல் நீளத்தில், விறகு போல. குழம்பில் எவ்வளவு கொதித்தும் வேகவில்லை. மறுநாள் குள்ளம்மாள் முந்தானையில் நஞ்சப்பன் தோட்டத்துப் பச்சைக் காய்! அதில் வைத்த குழம்பை நான் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை அவள் ஊரெல்லாம் சொல்லியிருக்க வேண்டாம்.

பிறகு தர்மபுரியிலிருந்து, பயிருக்கு யோசனை சொல்லும் சர்க்கார் விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் சைக்கிளில் வந்தார். பரிசு கொடுக்க வருகிறார் என்று சலவை வேட்டி கட்டிக்கொண்டு நின்றேன். அவர் ஓர் இலையைத் திருப்பினார். நொய்யரிசி பறப்பது போல வெள்ளை ஈக்கள் கிளம்பின.

"தங்கமில்லீங்க, நோவு. இந்த ஈ நோவுச் செடியில சாறு குடிச்சுட்டு நல்ல செடியில உக்காந்தா அதுக்கும் ஒட்டிக்கும். ஒட்டுன செடி தேறாது. மொதல்லயே புடுங்கியிருக்கணும். அவரு தோட்டத்தப் பாருங்க" என்று வேலிக்கு அப்பால் விரலை நீட்டினார். மாமா, அந்த விரலைப் பிடித்து மடக்கிவிடலாமா என்றிருந்தது.

காற்று நஞ்சப்பன் பக்கமிருந்துதான் அடிக்கிறது. ஆகவே ஈயை என் பக்கம் ஓட்டிவிட்டவன் அவனே. மணியக்காரரிடம் பிராது கொடுக்கப் போகிறேன். தாங்கள் வந்து சாட்சி சொல்ல வேண்டும். அவன் காய் ஒன்றுகூடத் தங்கள் வாசலை மிதிக்கக் கூடாது. நான் ஒரு செடியையும் பிடுங்க மாட்டேன்; பிடுங்கினால் அவன் பேச்சைக் கேட்டதாகிவிடும்.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரம்; குழந்தைக்கு ஆசி. காது குத்தும்போது வாயில் வெல்லம் போடவும்.

இப்படிக்கு,
சென்றாயன்

பின்குறிப்பு: கடிதத்தை வண்டிக்காரரிடம் கொடுப்பதற்குள் குள்ளம்மாள் செடிகளைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டாள். அவள் தனியாகக் குனிந்து நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் நானும் இறங்கினேன். கூப்பிடாமலே நஞ்சப்பனும் வந்தான். மூவருமாகப் பிடுங்கி எரித்துவிட்டோம். பிராது வேண்டாம். வண்டியில் வரும் ஆறு கூடைக் காயும் அவனுடையது. "உங்க மாமனார் வூட்டு விசேசம், பேரு உங்களுதாவே இருக்கட்டுங்கண்ணா" என்று சொல்லிவிட்டான். தோட்டம்தான் அவனுக்கு நன்றாக வாய்த்தது என்றால், மனசும் அல்லவா நன்றாக வாய்த்திருக்கிறது! அதை எப்படி மாமா நான் பொறுப்பது?