ரிமோட்டு சார் நிறுத்திய கைதட்டல்

ரிமோட்டு சாரோடு உட்கார்ந்து ஒரு படத்தை முழுசாகப் பார்த்தவர் விருத்தாசலத்திலேயே கிடையாது. வேப்பூர், நல்லூர் வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பீங்கான் பொம்மைகளுக்குப் பளபளப்பு ஏற்றும் பவுடரை மொபெட்டில் வைத்து, பொம்மை செய்யும் யூனிட் யூனிட்டாகப் போய் விற்பவர். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கடைக்காரருக்கு மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் தெருவையே தன் மாடிக்குக் கூப்பிட்டு, சுவரில் படம் போடுவார். நம்ம ஊர்ப் படமா போடுவார்? இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஜெர்மன் படங்கள். பாதிக்கு மேல் ஊமைப்படம் என்பதால் வசனத்தை அவரே பேசுவார். கோட்டு போட்ட ஜெர்மன் பிரபு, "ஏ புள்ள, வூட்டப் பூட்டிக்கினு வா, பஸ்ஸு போயிடும்" என்று பெண்டாட்டியை விரட்டுவார். நாங்கள் சுண்டலும் சிரிப்புமாகக் கிடப்போம்.

கூட்டம் வரும் காட்சி வந்ததோ, போச்சு. ரிமோட்டைத் தூக்கிப் படத்தை நிறுத்திவிடுவார்.

"எல்லாரும் கை தட்டுறாங்க இல்ல? தட்டாதவன் எங்க இருக்கான், தேடுங்க."

கண்டுபிடிக்காமல் படம் நகராது. அதற்குள் எங்களுக்குத் தூக்கம் வந்துவிடும்.

"எதுக்கு சார் நமக்கு இந்த வேல?" என்று எதிர்வீட்டு முருகேசன் ஒருநாள் சலித்துக்கொண்டார். அவர் பொம்மை யூனிட் வைத்திருப்பவர், பொறுமை குறைச்சல்.

"அந்த ஜெர்மனியில ஒரே கலர் சட்டை போட்டுக்கினு கொஞ்சம் பேரு தெருவுல வந்தாங்க. நம்ம கஷ்டத்துக்கெல்லாம் அவங்கதான் காரணம்னு சிலபேரக் காட்டுனாங்க. ஜனங்க கை தட்டுனாங்க. நல்ல படம் எடுத்தவங்க பலபேரு பொட்டியத் தூக்கிக்கினு நாட்டையே வுட்டுப் போனாங்க. இருந்தவங்கள்ல சிலபேரு அந்தக் கைதட்டலையே படமா எடுத்தாங்க. அப்புறம்தான் சண்ட வந்துது. தட்டாம நின்னவன யாருமே திரும்பிப் பாக்கலீங்க" என்றார் ரிமோட்டு சார்.

முருகேசன் கொட்டாவி விட்டார். பாவம், அவர் மகள் கல்யாண வீடியோவை எல்லோரும் பார்த்த அன்றும் ரிமோட்டு நம்ம சார் கையில்தான் இருந்தது. தாலி கட்டும் இடத்தில் நிறுத்தி, "அட்சதை போடாம ஒருத்தங்க நிக்கறாங்க பாருங்க" என்றார். மாப்பிள்ளையின் அத்தை! சம்பந்திகள் பேசிக்கொள்ளவே தீபாவளி வரவேண்டியிருந்தது.

போன மாதம் எங்கள் தெருக்காரர்களை மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். சாம்பல் கலரில் ஒரே மாதிரி சட்டை போட்ட நாலு தம்பிகள் மேடையில் நின்றார்கள். வெளிமாநிலத்துக்காரர்களால்தான் நமக்கு வேலை இல்லை, இனி இந்தத் தெருவில் அவர்களுக்கு வீடு கிடையாது, சம்மதம் என்றால் கை தட்டுங்கள் என்றார்கள்.

என் வீட்டுப் பின்கட்டில்தான் ஒடிசாவிலிருந்து வந்த சுனிதா குடியிருக்கிறாள். தெருவே கை தட்டிவிட்டால், அவளைக் காலி பண்ணச் சொல்ல வேண்டியவள் நான்.

கைதட்டல் மளமளவென்று எழும்பியது. முன்வரிசையில் ரிமோட்டு சார் எழுந்தார். சட்டைப்பையிலிருந்து ரிமோட்டை எடுத்து, மேடையை நோக்கி நீட்டி அழுத்தினார்.

குபீரென்று சிரிப்பு. ஆனால் பழக்கதோஷம் யாரை விட்டது? தெரு முழுக்கத் தட்டுவதை நிறுத்திவிட்டு, தட்டாத ஆளைத் தேடித் திரும்பியது.

கதவோரம் சுனிதா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை.

சிரிப்பு அடங்கிவிட்டது. அவளைப் பார்த்த யாருக்கும் மறுபடி மேடைப் பக்கம் திரும்ப மனம் வரவில்லை. முதலில் வாயைத் திறந்தவர் முருகேசன்.

"நம்ம பொம்மைக்கெல்லாம் கண்ணு எழுதுறது அந்தப் பொண்ணுதான்யா. அது எங்க போவும்?"

"இப்ப இன்னொரு தடவ கை தட்டச் சொல்லுங்க தம்பி" என்றார் ரிமோட்டு சார், ரொம்ப மரியாதையாக.

சொன்னார்கள். அந்த நாலு தம்பிகள் மட்டும் தட்டினார்கள். பிறகு அவர்களும் கூச்சப்பட்டு, சாக்கடைப் பிரச்சினைக்குத் தாவினார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சுனிதாவும் மாடிக்கு வருகிறாள், குழந்தை என் மடியில் தூங்குகிறது. இத்தனை வருஷத்தில் ஒரு படத்தின் முடிவுகூட எனக்குத் தெரியாது. தெரியாமலே போகட்டும். ரிமோட்டு சார் நூறு வயசு இருந்து நிறுத்திக்கொண்டே இருக்கட்டும்.