வால் பக்கம் நீட்டிய வலை

எனக்கு மீனின் பல்லைக் கண்டால் பயம். இதை, நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட அமுதாவின் அப்பாவிடம் முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாம். "தம்பி தூண்டில் போடுவீங்களா?" என்று அவர் ஆசையாகக் கேட்டபோது, "கடல் மீன்னா எனக்கு உயிரு அங்கிள்!" என்று அளந்துவிட்டேன். (எங்கள் ஊர் ரெம்பியாவில் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் கப்பி மீன் பிடித்ததுதான் என் மொத்த அனுபவம்.)

அடுத்த ஞாயிறே கோலா சுங்கை பாரு ஜெட்டியில் என்னை வாடகைப் படகில் ஏற்றிவிட்டார். "திரும்பி வந்ததும் சம்மதமா இல்லையான்னு சொல்லிடுவாரு. சொதப்பிடாதீங்க" என்று அமுதா காதில் ஓதி அனுப்பினாள்.

மதியம் வரை ஒன்றும் கடிக்கவில்லை. நானும் இரண்டு வாந்தியோடு நிறுத்திக்கொண்டேன். திடீரென்று அங்கிளின் தூண்டில் வளைந்தது. அரை மணி நேரம் மல்லுக்கட்டி, ஒரு தெங்கிரியை (வஞ்சிர மீன்தான்) படகோரம் இழுத்து வந்தார். அவ்வளவு பெரிய மீன் அவர் வாழ்நாளில் சிக்கியதே இல்லை. கைவலை என்னிடம் இருந்தது.

"தலைப்பக்கம் போடுங்க தம்பி!" என்றார் அங்கிள்.

"கெப்பாலா! கெப்பாலா!" என்று கத்தினார் படகோட்டி பாக் டின்.

"ஹெட் லா, ஹெட்!" மறுபடியும் அங்கிள்.

மூன்று மொழியிலும் தெளிவாகவே புரிந்தது. ஆனால் பல்லும் தலைப்பக்கம்தானே இருக்கிறது! நான் மரியாதையாக வால் பக்கம் வலையை நீட்டினேன்.

வாலில் வலை பட்டதும் ஒரே துள்ளல். நூல் அறுந்தது. அங்கிள் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் சொல்லாமலே பாக் டின் படகைக் கரைக்குத் திருப்பினார்.

"நான் கடல்ல மீன் புடிச்சதே இல்ல அங்கிள். பல்லப் பாத்து பயந்துட்டேன்" என்றேன்.

"வலைய நீட்டுனப்பவே தெரிஞ்சிருச்சி" என்றார். கரை வரை அறுந்த நூலைச் சுற்றிக்கொண்டே வந்தார். என் கல்யாணமும் அந்த மீனோடு போய்விட்டது என்றே நினைத்தேன்.

ஜெட்டியில் அமுதா காத்திருந்தாள். "என்னப்பா கெடச்சுது?"

அவர் என்னைக் காட்டினார். "இவருதான். மீன இவரு விட்டுட்டாரு. இவர நான் விட்டுட்டா, வெறுங்கையோட இல்ல வீட்டுக்குப் போவணும்!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. (உப்புக் காற்று என்று சமாளித்தேன்.)

போன வருடம் பிரசவ வார்டில் தாதி என் மகளை என்னிடம் நீட்டினார். கையை நீட்டினேன். பின்னாலிருந்து மாமனார் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

"தலைப்பக்கம் புடிங்க மாப்ள! தலைப்பக்கம்!"

இந்த முறை சொன்னபடியே பிடித்தேன். அவளுக்குத்தான் பல்லே இல்லையே.