தொட்டுப்பார் அங்கிளும் இருபதாவது நாற்காலியும்

எனக்கு வயது எழுபத்திரண்டு. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். நான்கு நான் பெற்றது, ஐந்தாவது என் நாத்தனார் விட்டுப்போன பெண். ஐந்தும் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். ஐந்து பிள்ளைகளை வளர்த்தவளுக்கு ஆளைப் பார்த்ததும் எடைபோடத் தெரியும் என்பதால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன். அந்தத் தகுதியில் சொல்கிறேன், இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் ரயிலேறி இறங்கிய ஆண்பிள்ளைகள் அத்தனை பேரிலும், நாற்காலியைத் தொட்டுப் பார்த்து உண்மையைக் கண்டுபிடித்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் ஆடிட்டர். பெயர் என்னவோ. நாங்கள் வைத்த பெயர் தொட்டுப்பார் அங்கிள்.

அப்போது நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கைத்தொழில் கல்லூரியில் கிளீனர். கல்லூரி என்றதும் பெரிய கட்டடத்தை நினைக்காதீர்கள். கடைவரிசைக்கு மேலே இரண்டு மாடி, அவ்வளவுதான். கீழே பூக்கடை, மேலே தையல் வகுப்பு, அதற்கும் மேலே வயரிங் வகுப்பு. பண்டமாரானிலிருந்து பஸ் பிடித்து, கிள்ளானில் கோமுட்டர் ரயில் ஏறி, ஏழரைக்கெல்லாம் வந்து பால்டியில் தண்ணீர் பிடித்துவிடுவேன்.

பிள்ளைகள் அங்கே இலவசமாகப் படித்தார்கள். அரசாங்கம் உதவியது. சும்மா உதவுமா? ஒரு தடித்த புத்தகம் நிறைய நிபந்தனை. வகுப்புக்கு இருபது பேர் இருக்க வேண்டும். அரசாங்கம் கொடுத்த மெஷின் இருபதும் ஓட வேண்டும். வருகிறவர் தினமும் கையெழுத்துப் போட வேண்டும். இதெல்லாம் நடக்கிறதா என்று பார்க்கத்தான் அவரை அனுப்பினார்கள்.

முதல் தடவை அவர் படியேறி வந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒரு கையில் பை, ஒரு கையில் மடக்கு ஸ்டூல், தோளில் பிளாஸ்க். ஏதோ மீன் பிடிக்கப் போகிறவர் வழி தவறி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

பிரின்சிபால் ஓடிவந்து, "வாங்க சார், உட்காருங்க சார், டீ சொல்லட்டா?" என்றார்.

"வேணாம் பாஸ். ஆடிட்டுக்கு வந்த இடத்துல நான் தண்ணி கூட குடிக்கிறதில்ல."

"சரி, உட்காரவாவது செய்யுங்க."

"உங்க நாற்காலியில உட்கார்ந்தா உங்க நாற்காலிக்கு நான் நன்றி சொல்லணும். அப்புறம் எப்படி உங்க நாற்காலிய குறை சொல்றது?"

சொல்லிவிட்டுத் தன் ஸ்டூலை விரித்து நடைபாதையில் உட்கார்ந்தார். பிளாஸ்கிலிருந்து தன் டீயைத் தானே ஊற்றிக் குடித்தார். காற்று வேண்டுமென்றால்கூட எங்கள் ஃபேனுக்குக் கீழே வரமாட்டார், பையிலிருந்து அட்டை எடுத்து விசிறிக்கொள்வார்.

பிரின்சிபால் மூன்று நாளாக அடுக்கி வைத்த கோப்புகளை மேசைமேல் பரப்பினார். தொட்டுப்பார் அங்கிள் அவற்றை ஒரு பார்வை பார்த்தார். "பேப்பர் அப்புறம். பேப்பர் எப்பவும் நல்ல பிள்ளையாதான் இருக்கும்" என்று எழுந்து, நேராகத் தையல் வகுப்புக்குப் போய், ஒவ்வொரு மெஷினுக்குக் கீழேயும் குனிந்து மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்தார். மோட்டார் சூடாக இருந்தால் மெஷின் ஓடுகிறது. இல்லாவிட்டால் அலங்காரத்துக்கு நிற்கிறது. அதுதான் அவர் கணக்கு.

மோட்டாரோடு விட்டாரா? பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லி, நாற்காலிகளைத் தொட்டார். கழிவறையில் சோப்பைத் தொட்டு ஈரம் பார்த்தார். தீயணைப்புக் குழாயில் விரலால் கோடு இழுத்து, தூசியைப் பிரின்சிபாலின் மூக்குக்கு நேரே காட்டினார். மூலையில் இருந்த சோற்றுச் சட்டியைத் தொட்டார். மின்சாரச் சட்டி, நல்ல சூடு. திறந்தால் மெகி மீ நூடுல்ஸ்.

"இது எந்த கோர்ஸ்?" என்றார்.

தையல் சொல்லிக்கொடுக்கிற கமலா டீச்சர் தரையைப் பார்த்தாள்.

கடைசியில் பிரின்சிபாலின் அறைக்குப் போய், அவருடைய சுழல் நாற்காலியில் கை வைத்து, சட்டென்று எடுத்துக்கொண்டார். "இந்தக் கல்லூரியிலேயே ரொம்ப பயன்பாட்டுல இருக்கிற சாமான் இதுதான் லா" என்றார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அன்றைக்கு வைத்த பெயர்தான் தொட்டுப்பார் அங்கிள்.

அவர் போய் இரண்டு மாதத்தில் ஒரு சிக்கல். தையல் வகுப்பில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணமாகிச் செமினிக்குப் போய்விட்டாள். இருபது பத்தொன்பதாகிவிட்டது. பத்தொன்பது ஆனால் வகுப்பை மூடிவிடுவார்கள், யாருக்கும் சிஜில், அதாவது சான்றிதழ், கிடையாது. சிஜில் இருந்தால் மஸ்ஜித் இந்தியா துணிக்கடைகளில் தையல்காரி. இல்லையென்றால் அதே கடையில் நாள் முழுக்க நின்று துணி மடிக்கிறவள். இந்த இரண்டு வாழ்க்கைக்கும் நடுவில், அந்தப் பத்தொன்பது பிள்ளைகளுக்குக் குறைந்தது ஒரே ஒரு ஆள்.

கமலா டீச்சர் என்னிடம் வந்தாள்.

"அக்கா, உங்க பேர போட்டுக்கட்டா? சும்மா பேர் மட்டும்தான். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்."

"என் பேர சும்மா உட்கார வைக்கிற பழக்கம் எனக்கில்ல டீச்சர். பேர் போட்டா நான் வருவேன்."

வந்தேன். பத்து மணிக்குள் இரண்டு மாடியையும் துடைத்துவிட்டு, பால்டியை மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டு, கடைசி வரிசையில் இருபதாவது மெஷினில் உட்கார்ந்துவிடுவேன். பேத்தி வயதுப் பிள்ளைகள். "ஆன்டி, பாபின் போடுங்க, ஆன்டி, பெடல மிதிச்சுக் கொல்லாதீங்க" என்று என்னை மேய்த்தார்கள். பாவாடை, பிளவுஸ், பாஜு குரோங் எல்லாம் தைத்தேன். நான்கு நூல் கோக்கிற ஓவர்லாக் மெஷின் இருக்கிறதே, அதற்குப் பாதிப் பிள்ளைகள் பயப்படுவார்கள். எனக்கு அது ஐந்து பிள்ளைகளுக்குத் தலை பின்னியதைவிட லேசாக இருந்தது.

ஒன்றுதான் குறை. கையெழுத்து. எனக்கு எழுத வராது, சிறுவயதில் தோட்டத்துப் பள்ளியில் ஆறே மாதம்தான். கட்டைவிரல் வைக்கிறேன் என்றேன். "ஐயோ அக்கா, அரசாங்கத்துக்குப் போற பேப்பர்ல கட்டைவிரலா? அசிங்கமா நினைப்பாங்க" என்று கமலா டீச்சரே தினமும் என் பெயருக்கு நேரே ஆங்கிலத்தில் வளைத்து வளைத்துப் போட்டாள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அது என் தப்பு.

மூன்று மாதம் கழித்து, தொட்டுப்பார் அங்கிள் மறுபடி வருகிறார் என்று தெரிந்தது. பிரின்சிபாலுக்கு வேர்த்துக் கொட்டியது. ஏழாவது மெஷினில் மோட்டார் செத்து ஒரு மாதமாகிறது, ஆள் வந்து பார்க்கவில்லை. இவரோ தொட்டுப் பார்ப்பார். என்ன செய்தார்கள் தெரியுமா? அவர் வருகிற நேரம் பார்த்து, இஸ்திரிப் பெட்டியைக் கொதிக்க வைத்து ஏழாவது மெஷினின் தலைமேல் ஐந்து நிமிடம் வைத்து எடுத்தார்கள்.

வந்தார். தொட்டார். முதலில் மெஷினின் தலையை. பிறகு கீழே மோட்டாரை. மறுபடி தலையை.

"டீச்சர், இந்த மெஷினுக்குத் தலையில மட்டும் காய்ச்சல் அடிக்குது. உடம்பு ஜில்லுனு இருக்கு. டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் அதைக் குறித்துக்கொண்டு இருபதாவது நாற்காலிக்கு வந்தார். கை வைத்தார். பயந்துபோய்ப் பிள்ளைகளை முன்னதாகவே வரவழைத்திருந்தார்கள். நானோ, ஆடிட்டர் வருகிறார் தரை பளபளக்க வேண்டும் என்று பிரின்சிபால் சொன்னதால், அப்போதும் மேல்மாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் நாற்காலி ஐஸ் மாதிரி இருந்தது.

"இது யாரு? அஞ்சலை. மூணு மாசமா ஒரு நாள் லீவு கிடையாது, கையெழுத்து கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு. ஆள் எங்க?"

கூப்பிட்டார்கள். மாப்போடு வந்து நின்றேன்.

"நீங்க கிளீனர்தானே?"

"பத்து மணி வரைக்கும் கிளீனர் சார். பத்துக்கு மேல ஸ்டூடண்ட்."

"நாற்காலி அப்படிச் சொல்லலியே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாற்காலியக் கேட்டா அது என்ன சொல்லும்? இந்தாங்க, என் கையக் கேளுங்க" என்று நீட்டினேன். உள்ளங்கையில் மாப்புக் கட்டை காய்த்த காய்ப்பு. விரல் நுனியில் ஊசி குத்திய புள்ளிகள். அவர் தொடவில்லை. குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஓவர்லாக் மெஷினைக் காட்டி, நான்கு நூலையும் உருவிப் போட்டார்.

"கோத்துக் காட்டுங்க அக்கா."

அவர் பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி, அது ஆறி, இரண்டு வாய் குடிப்பதற்குள் கோத்து, ஒரு துண்டுத் துணியை ஓட்டியும் காட்டினேன். அவர் அந்தத் துணியைத் தொட்டார். மோட்டாரைத் தொட்டார். முகம் கொஞ்சம் மலர்ந்தது. பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளும் தன் மைப்பேனாவும் எடுத்து நீட்டினார்.

"ரொம்ப சந்தோஷம். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, ஒத்துப் பார்த்துக்கிறேன்."

பத்தொன்பது பிள்ளைகளும் என் கையையே பார்த்தார்கள். என்ன சொன்னாலும் அவர்கள் சிஜிலோடு விளையாடுகிறேன் என்று தெரிந்தது. ஆனால் நாற்காலியைக்கூட ஏமாற்ற விடாத மனிதரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எனக்கு எழுதத் தெரியாது சார். கையெழுத்து டீச்சரோடது. தையல் என்னோடது."

கமலா டீச்சர் அழ ஆரம்பித்தாள். தொட்டுப்பார் அங்கிள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்குப் போனார். நிபந்தனைப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஒரு மணி நேரம். நான் என்ன செய்வது? மிச்சத் தரையைத் துடைத்தேன். அவரைச் சுற்றித் துடைத்தபோது, கண்ணைப் புத்தகத்திலிருந்து எடுக்காமலே இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார்.

திரும்பி வந்து சொன்னார்: "வயசு வரம்பு எங்கயும் போடல. படிச்சிருக்கணும்னும் போடல. பயிற்சி எடுக்கிறவர் தன் கையாலயே கையெழுத்துப் போடணும்னு இருக்கு. கடைசிப் பக்கத்துல, பொடி எழுத்துல, கட்டைவிரல் ரேகையும் செல்லும்னு இருக்கு."

பிரின்சிபால் வாயைப் பிளந்தார். "கட்டைவிரலே போதுமா?"

"முதல் நாளே போதும் பாஸ். நிஜமான ஆளுக்குப் பொய்க் கையெழுத்துப் போட்ட காலேஜ் உலகத்துலயே இது ஒண்ணுதான். புத்தகத்த ஒருத்தராவது கடைசி வரைக்கும் படிச்சிருக்கலாம் லா."

அவர் எதையும் மூடி மறைக்கவில்லை. செத்த மோட்டாரையும் இஸ்திரிப் பெட்டியையும் டீச்சரின் கையெழுத்தையும் எழுதினார். அந்த மூன்று மாதம் எனக்குச் சேராது என்றும் எழுதினார். அதற்குக் கீழே, இருபதாவது ஆள் உண்மையில் இருக்கிறார், தைக்கிறார், திருத்திக்கொள்ள மூன்று மாதம் தரலாம் என்று எழுதிப் படித்தும் காட்டினார். பிரின்சிபாலுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வகுப்பு பிழைத்தது.

"இனிமே கட்டைவிரல் வைங்க அக்கா" என்றார் என்னிடம்.

"அஞ்சு பிள்ளைய படிக்க வச்சவ நான். கட்டைவிரல் வைக்க மாட்டேன். கையெழுத்தே போடுறேன்."

"வருகைக்கு நாளைக்கே ஏதாவது வைக்கணுமே."

"கத்துக்கிற வரைக்கும் விரல். நீங்க வர்ற அன்னைக்குக் கையெழுத்து."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்த மைப்பேனாவைக் கொடுத்தார். கொடுத்தாரா? உடனே ஒரு ரசீது எழுதினார்! ஒரு பேனா, இரவல், மூன்று மாதம், திருப்பித் தர வேண்டும். அதில் என் கட்டைவிரலை வாங்கிக்கொண்டு, ஊதி உலர்த்தி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பேனா பிடித்தால் கோடு எங்கெங்கோ ஓடியது. கமலா டீச்சர்தான் வழி கண்டுபிடித்தாள். தையல் சாக்பீஸால் துணியில் என் பெயரை எழுதிக் கொடுத்து, "அக்கா, மெஷின்ல இதுமேல ஓட்டுங்க" என்றாள். மெஷினில் கோடு சொன்னபடி கேட்டது. கால் மடக்கி உட்கார்ந்த ஆள் மாதிரி இருக்கிற அந்த 'ஞ' மட்டும் என்னைப் பாடாய்ப் படுத்தியது. நூலில் நூறு தடவை என் பெயரைத் தைத்த பிறகுதான் மையில் எழுத வந்தது. என் முதல் கையெழுத்து சிவப்பு நூலில், தலையணை உறையின் ஓரத்தில் இருக்கிறது. இன்றும் அதில்தான் படுக்கிறேன்.

மூன்றாம் தடவை வந்தார். ஏழாவது மோட்டார் சூடு. இருபதாவது நாற்காலி சூடு. வருகைப் பதிவைத் திறந்து என் முன்னால் வைத்தார். பத்தொன்பது பிள்ளைகளும் என் பின்னால் மூச்சுவிடாமல் நின்றார்கள். அஞ்சலை என்று எழுதினேன். கொஞ்சம் மலையேறி, கொஞ்சம் இறங்கி, ஆனால் அஞ்சலைதான்.

பழக்கதோஷம். உள்ளங்கையை அதன்மேல் வைத்துவிட்டார். மை காயவில்லை. கையை எடுத்தால், என் பெயர் அவர் உள்ளங்கையில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் கீழே பூக்கடைக்காரர் மேலே வந்துவிட்டார்.

"சூடா இருக்கா சார்?" என்றேன்.

"ஈரமா இருக்கு அக்கா. அது இன்னும் நல்ல சாட்சி."

பேனாவைத் துடைத்து நீட்டினேன். அவர் சட்டைப்பையைத் தொட்டார். பையைத் தொட்டார். புத்தகத்தைப் புரட்டினார். "ரசீதக் காணோமே. ரசீது இல்லாம நான் எதையும் வாங்கிக்கிறதில்ல. நீங்களே வச்சுக்குங்க" என்றார். இருபது வருடத்துப் பேப்பரைக்கூட நாள் வாரியாக எடுத்து நீட்டுவார் என்று பேர் வாங்கிய மனிதர். அவர் சட்டைப்பைத் துணி மெல்லியது. உள்ளே மடித்த தாளும் அதில் என் கட்டைவிரலின் நீலமும் எனக்கு நன்றாகவே தெரிந்தது. பேனாவை மூடி இடுப்பில் செருகிக்கொண்டேன். ஸ்டூலையும் பிளாஸ்கையும் எடுத்துக்கொண்டு, மை பட்ட கையைக் கழுவாமலே படியிறங்கிப் போனார். அதன்பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

இருபது சிஜில் வந்தது. மூன்று மாதம் பிந்தி வந்த என்னுடையது வீட்டுக் கூடத்தில், பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களுக்கு நடுவில் தொங்குகிறது. எங்கே இருக்கிறாரோ அந்த மனிதர், யாருடைய நாற்காலியைத் தொட்டுக்கொண்டிருக்கிறாரோ, நன்றாக இருக்கட்டும். பெயரோடு நிற்காமல் மற்ற எழுத்தையும் கற்றுக்கொண்டு, அவர் பேனாவில்தான் இத்தனையும் எழுதினேன். பத்து நாளாயிற்று. எழுத வந்துவிட்டது, எழுதியதைத் திரும்பப் படிக்கத்தான் கண் பற்றவில்லை.

யாழினி, இங்கே வா கண்ணு. முதலிலிருந்து பாட்டிக்குப் படித்துக் காட்டு. கடைசி வரியில் மட்டும் கை வைக்காதே, மை இன்னும் ஈரம்.