மாருதராயர் பேரரசு, டயர் கடை மாடி

மத்திய கால உலகில் இனி எந்த அரசு தலைதூக்கலாம், எந்த அரசு மண்ணோடு மண்ணாகவே கிடக்கலாம் என்று தீர்மானிக்கும் மாபெரும் பொறுப்பு, வருகிற வெள்ளிக்கிழமை வரை, நாகர்கோவிலில் ஒரு டயர் கடையின் மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் தேவகுமாரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. இப்படியொரு இடத்துக்கு வந்து சேருவோம் என்று சரித்திரமே எதிர்பார்த்திருக்காது. படிக்கட்டில் அடுக்கியிருக்கும் பழைய டயர்களைத் தாண்டித்தான் அது மேலே வர வேண்டியிருந்தது.

ஐரோப்பாவில் ஒரு கம்பெனி, கோட்டை கட்டி, படை திரட்டி, பக்கத்து நாட்டை இடித்துத் தள்ளுகிற வீடியோ கேம் ஒன்றை நெடுநாளாக விற்று வருகிறது. அதற்கு மரமும் மாடும் மதிலும் வரைந்து கொடுப்பதுதான் தேவகுமாரின் அலுவலகத்துக்கு வேலை. இந்த முறை அவர்கள் மாடு கேட்கவில்லை. உங்கள் பகுதியிலிருந்து புதிதாக ஒரு நாகரிகம் சொல்லுங்கள் என்றார்கள். ஒரே நிபந்தனை, உள்ளூரிலிருந்து ஒரு புகார்கூட வரக்கூடாது. போன தடவை வேறொரு நாட்டு ராஜாவைக் குட்டையாக வரைந்துவிட்டு அவர்கள் பட்ட பாடு போதும். புகார் வந்தால் மாடு வரைகிற வேலையும் சேர்ந்து வேறு ஊருக்குப் போய்விடும்.

போய்விட்டால் தான் எங்கே போவது என்பதில் தேவகுமாருக்குச் சந்தேகமே இல்லை. துபாயிலிருந்து திரும்பி வந்து தொடங்கிய இறால் ஊறுகாயும் படுத்துவிட்டது, சோலார் விளக்கும் அணைந்துவிட்டது. இதுவும் போனால் குலசேகரத்தில் மாமனாரின் ரப்பர் ஷீட் கடைதான். மாமனார் அவருக்கென்று ஒரு ஸ்டூலை இப்போதே ஒதுக்கி வைத்திருந்தார். நாற்காலி அல்ல, ஸ்டூல்.

"ஆய் மன்னர்களப் போட்டுருவோம் சார்," என்றான் எபின். அலுவலகத்தில் அந்த விளையாட்டை விளையாடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். "சிதறால் மலை இருக்கு, யானை இருக்கு. ஆயிரம் வருசத்துக்கு முந்துன சங்கதி. இப்ப வந்து யாரு கேக்கப் போறா?"

அதோடு விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஃப்ளெக்ஸ் வைக்காத காரியம் எங்கள் மாவட்டத்தில் நடந்த காரியமே அல்ல. தேவகுமார் வடசேரி முக்கில் ஒன்று கட்டினார். 'உலக அரங்கில் ஆய் பேரரசு!' ஓரத்தில் சிறிதாக ஒரு யானை. நடுவில் பெரிதாக, கோட்டு போட்ட தேவகுமார்.

மறுநாள் காலை, ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் முருகதாஸ் டயர்களைத் தாண்டி வந்தார்.

"ஓய், இங்க ஆண்ட வேணாட்டுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல்லியே அண்ணாச்சி."

"பின்ன ஃப்ளெக்ஸ்ல ஏன் இல்ல? ஒமக்குச் சரித்திரம் தெரியுமாவே?"

"தெரியாதுன்னுதான்..."

"தெரியாதவன் பேரரச எடுத்து எப்பிடிவே குடுப்பான்? நான் புகார் எழுதணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லும்."

புகார் என்ற சொல்லைக் கேட்டதும் தேவகுமாரின் கண்முன் ஸ்டூல் தெரிந்தது. வேணாட்டையும் சேர்த்தார். சேர்த்ததற்கு ஒரு ஃப்ளெக்ஸ்.

அதைப் பார்த்துவிட்டுக் கோட்டாறு மொத்த வியாபாரி செய்யது அலி வந்தார்.

"தம்பி, ரெண்டு ராஜாவும் எதுமேல ஏறி இருக்கான்?"

"குதிரை மேல."

"குதிரை என்ன மகேந்திரகிரியில மொளச்சுதா? கப்பல்ல கொண்டாந்தது எங்க ஆளுங்கல்லா. குதிரைக்கு எங்க பேரு வரணும். அது சண்டையில சாகவும் கூடாது."

அவர் குடித்த டீ கிளாஸை எடுப்பதற்குள் கடற்கரையிலிருந்து ஆன்ட்ரூஸ் வந்துவிட்டார். இரண்டு விசைப்படகுகளின் சொந்தக்காரர்.

"கப்பல்னு சொல்லியாச்சுல்லா மக்கா? ஓட்டுனது யாரு? கப்பல் போடு. ஆனா முங்கப்படாது."

"சண்டைன்னா கப்பல் முங்கத்தானே அண்ணாச்சி செய்யும்?"

"வீட்டுக்குள்ள இருந்து பாக்கவனுக்கு அது வெளையாட்டு. கடலுக்குப் போறவன் வீட்டுல அத வெளையாட்டுன்னு சொல்லிப் பாரேன்."

தேவகுமார் பேனாவை எடுத்தார். கப்பல் முங்காது என்று எழுதிக்கொண்டார். வேணாடு ஆயிடம் தோற்காது என்று முருகதாஸுக்கும், ஆய் வேணாட்டிடம் தோற்காது என்று சிதறாலிலிருந்து போனில் பேசிய யாரோ ஒருவருக்கும் வாக்குக் கொடுத்தார்.

எபின் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி ஓடவிட்டான். இரண்டு படைகளும் முழங்கிக்கொண்டு வந்தன. எதிரெதிரே நின்றன. குதிரைகள் புல் மேய்ந்தன. கப்பல்கள் ஆடாமல் மிதந்தன.

"யாரும் யாரையும் அடிக்கப்படாது சார். கோட்டை வாசல்ல ஒரு பந்தலு போட்டா கல்யாண வீடு," என்றான் எபின்.

"எல்லாத்தையும் சேத்து ஒரே அரசாக்கிரு."

"ராஜா யாரு?"

"ராஜா வேண்டாம். எல்லாருமாச் சேந்து ஆளட்டும்."

"சிம்மாசனத்துல யாரு இருப்பா?"

"பெஞ்சு போடுடே."

பெஞ்சு படத்துக்கும் ஒரு ஃப்ளெக்ஸ் வைக்கப்பட்டது. பெஞ்சில் முதல் ஆள் யார், ஓரத்து ஆள் யார் என்று அன்று முழுக்கப் போன் ஓயவில்லை. முருகதாஸ் புகாரை எழுதியே முடித்திருந்தார். போனில் கமா, முற்றுப்புள்ளி உட்பட வாசித்துக் காட்டினார்.

வியாழன் சாயங்காலம். தேவகுமார் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், யாருக்கும் சொந்தமில்லாத ராஜ்ஜியம் ஒண்ண நாமளே உண்டாக்கிருவோமா?" என்றான் எபின்.

"எங்கடே உண்டாக்க?"

"ஆரல்வாய்மொழி தாண்டிப் பொட்டல்ல. அங்க கரண்டு எடுக்குத காத்தாடி மட்டுந்தான் நிக்கி. காத்தாடி புகார் எழுதாது."

அப்படித்தான் மாருதராயர் பேரரசு பிறந்தது. தலைநகர் காற்றுக்கோட்டை. அவர்கள் விட்ட அம்பு காற்றோடு இரண்டு மடங்கு தூரம் போகும். எதிரி விட்ட அம்பு எதிரிக்கே திரும்பி வரும். ராஜாவுக்கு ஒரு முகம் மட்டும் தேவைப்பட்டது. எபின் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தான். டயர் கடை முதலாளி நாராயணபெருமாள் குனிந்து ஒரு லாரி டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். சப்பை மூக்கு, கொம்பு மீசை, இடது புருவத்துக்கு மேலே மொச்சைக்கொட்டை அளவில் ஒரு மரு. எபின் மருவைக்கூட விடாமல் வரைந்து, மேலே ஒரு கிரீடம் வைத்தான்.

கம்பெனி பூரித்துப்போனது. ஆட்டம் வெளியாகி வாரங்கள் ஓடின. ஒரு புகார் இல்லை. குலசேகரத்தில் மாமனார் அந்த ஸ்டூலின் மேல் ஒரு மண்பானையைத் தூக்கி வைத்துவிட்டதாகச் செய்தி வந்தது.

மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். இன்னொரு ஃப்ளெக்ஸ் அடித்தார். 'உலகை வென்ற மாருதராயர்!' ராஜா ஒரு பக்கம், தேவகுமார் ஒரு பக்கம், அடியில் கம்பெனியின் பெயர், மின்னஞ்சல் முகவரி எல்லாம். முக்கில் ஏற்கெனவே மூன்று தொங்கியதால், இதை டயர் கடையின் நெற்றியிலேயே கட்டினார். நாராயணபெருமாள் ஒன்றும் சொல்லவில்லை. டயரைத் தவிர எதையும் அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஒரு நாள் படிக்கட்டில் பல கால்கள் ஏறும் சத்தம் கேட்டது. முன்னால் முருகதாஸ், கையில் பொன்னாடையோடு. பின்னால் செய்யது அலி, ஆன்ட்ரூஸ். தேவகுமார் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"மாருதராயர் வம்சப் பேரவை," என்றார் முருகதாஸ். "நான் தலைவர்."

"அண்ணாச்சி, நீங்க வேணாடுல்லா?"

"அது அம்மை வழி. இது அப்பன் வழி. இப்பத்தான் தெரிஞ்சுது."

"மாருதராயருக்குக் குதிரை கொண்டாந்தது நாங்கதான் தம்பி," என்றார் செய்யது அலி.

"கடற்படை எங்க பொறுப்பு," என்றார் ஆன்ட்ரூஸ்.

"ஆரல்வாய்மொழியில கடல் ஏது?" என்றான் எபின்.

"அப்போ இருந்துது மக்கா."

தேவகுமார் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் முருகதாஸ் ஒரு கண்ணாடிச் சட்டமிட்ட படத்தை மேசைமேல் வைத்தார். சந்தனம், குங்குமம், மாலை.

"தலைமுறை தலைமுறையா எங்க வீட்டுல தொங்குத படம்."

எபின் வரைந்த படம்தான். 'மீண்டும் விளையாடு' என்ற பொத்தான்கூட மூலையில் அப்படியே இருந்தது.

"மூக்கப் பாரும். என் மூக்கப் பாரும். ராஜாவும் நானும் ஒரே சாடைன்னு ஒரு சர்டிபிகேட் தாரும். அது போதும். தரல்லன்னா..."

"புகார் எழுதுவீங்க."

"எழுதியாச்சு. அனுப்பல்ல."

முருகதாஸின் மூக்கு கிளி மூக்கு. தேவகுமார் அதையும் பார்த்தார், படத்தையும் பார்த்தார். அப்புறம் மனத்துக்குள் அந்தப் பானையை யாரோ ஸ்டூலிலிருந்து இறக்குவதைப் பார்த்தார்.

"அச்சு அசல் அதே மூக்கு அண்ணாச்சி," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தினார்.

பொன்னாடை போர்த்தினார்கள். கை தட்டினார்கள். முருகதாஸ் எழுதி வைத்திருந்த புகாரை எல்லோர் முன்னிலையிலும் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். பூமியில் இனித் தன்மேல் புகார் சொல்ல ஆளில்லை என்று தேவகுமாருக்கு நெஞ்சு நிறைந்தது. இதற்கு ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தால் என்ன என்றுகூட நினைத்தார்.

அலுவலகத்தைப் பெருக்கி, டீ போட்டுக் கொடுக்கும் வியாகுலம்மாள் தட்டோடு ஏறி வந்தாள். ஆளுக்கொரு கிளாஸ் வைத்தாள். ஒரு கிளாஸ் மிஞ்சியது.

"இது யாருக்கு?" என்றார் தேவகுமார்.

"கீழ டயர் கடைக்காரருக்குக் குடுத்தேன், வேண்டான்னுட்டாரு சாரே. யாரோ சொல்லி இன்னிக்குத்தான் அண்ணாந்து பாத்தாராம். தன் மொகத்தக் களவாண்டுட்டாங்கன்னு, ஃப்ளெக்ஸ்ல இருந்த அட்ரசுக்குக் காலையிலயே புகார் எழுதிப் போட்டாச்சாம்."